வேலை கேட்டு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்களைத் தேடிவரும் பிள்ளைகள் எங்கள் புத்தளக் கரையில் நிறையப் பேர். உடப்பு, முந்தல், ஆலங்குடா, கற்பிட்டி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இவர்கள் வேலை கேட்டுப் போகும் இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிங்கள அதிகாரியாக இருக்கலாம், ஐரோப்பிய ஹோட்டல்காரராக இருக்கலாம், சீனப் பொறியியலாளராகவும் இருக்கலாம். திறமை இருந்தும் முறை தெரியாததால் வாசலோடு திரும்பிவரும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் நேரில் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1344இல் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து போகும்போது காற்றுத் திசைமாறி எங்கள் புத்தளத்தில்தான் கரையேறினார். அப்போது இங்கே இருந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது. விருந்தாளியிடம் அரசர் முத்துகளைக் காட்டினார், கொடுத்தார், கூச்சப்படாமல் இன்னும் வேண்டியதைக் கேட்கச் சொன்னார். பாவா ஆதம் மலையை (சிவனொளிபாத மலையை) தரிசிக்க வேண்டும், இந்தத் தீவுக்கு வந்த பிறகு அது ஒன்றுதான் ஆசை என்றார் இப்னு பதூதா. பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கிடைத்தன. மொழியும் சமயமும் வேறான ஒருவரிடம் போய்க் கேட்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. “எந்த வேலை தந்தாலும் செய்வேன்” என்று எழுதாதீர்கள். அது பணிவாக எழுதியது என்று நீங்கள் நினைப்பீர்கள், வாசிப்பவருக்கு உங்களை எங்கே போடுவது என்றே தெரியாது. எந்தப் பதவி, எங்கே விளம்பரம் பார்த்தீர்கள், அதைச் செய்ய உங்களிடம் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் கடிதத்தின் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

2. பெயரை ஒழுங்குபடுத்துங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் கரைச்சல் தருவது இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொன்று. முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கோ அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். வெளிநாட்டுப் படிவம் சொந்தப் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும்போது பிள்ளை திகைத்துப்போய் ஏதாவது ஒன்றை நிரப்பிவிடும். பிறகு அலுவலகம் முழுவதும் அப்பாவின் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையைக் கூப்பிடும். கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இல்லையென்றால் அடையாள அட்டையைப் பின்பற்றுங்கள். ஆவணங்களுக்குள் வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு ஓடித்திரிவதைவிட இது நல்லது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை நேர்முகப் பரீட்சையில் நீங்களே சொல்லலாம், அதில் தவறில்லை. மின்னஞ்சல் முகவரியும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளிக்கூட நாளில் வைத்த பட்டப்பெயரில் ஒரு முதலாளிக்குக் கடிதம் போகக்கூடாது.

3. அரசாங்க வேலைக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள். பதவியின் பெயரை உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்லியிருந்தால் அங்கேயே எழுதுங்கள். பதிவுத் தபால் என்றால் பதிவுத் தபால்தான். மூலப்பிரதியை ஒருநாளும் அனுப்பாதீர்கள்.

4. உங்களுக்காகச் சொல்லக்கூடிய இருவர் பெயரைக் கேட்பார்கள். உறவினர் பெயரைப் போடாதீர்கள். யாருடைய பெயரைப் போடுகிறீர்களோ அவரிடம் முன்கூட்டியே போய், “சேர், உங்கள் பெயரைக் கொடுக்கலாமா?” என்று கேளுங்கள். அறியாத நேரத்தில் கோல் வந்து, யார் இந்தப் பிள்ளை என்று அவர் தடுமாறினால் உங்களுக்குத்தான் நட்டம்.

5. சிங்களம் படியுங்கள். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத்தான் உத்தியோகத்தைத் தொடங்கினார். பிறகு சட்டநிரூபண சபை உறுப்பினரானார், சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். 1834இல் இலங்கை கசற்றியர் என்ற இடவிபர நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறான தமிழ் புளூட்டாக்கையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். பல மொழி படித்ததால் அவர் தமிழை விடவில்லை, தமிழுக்கு அதனால் ஒரு நூல் கிடைத்தது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் விண்ணப்பிப்பது உங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் 2007 யூலை முதலாம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த ஐந்து வருடத்தை இப்போதே தொடங்குங்கள். பக்கத்துக் கடையில் சாமான் வாங்கும்போதே தொடங்கலாம்.

6. நேர்முகப் பரீட்சையில் வாயால் பதில் சொல்லுங்கள். நாங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓம் என்று எங்களுக்குத் தெரியும், வெளிநாட்டவருக்குத் தெரியாது. மறுப்பதற்குப் பதிலாகப் “பார்க்கலாம் சேர்” என்பதும் அப்படித்தான். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார், நாளைக்கு நீங்கள் சொல்லை மீறியதாக நினைப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், படித்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்று வளர்த்த வீடுகள் நல்ல வீடுகள்தான். ஆனாலும் அங்கே குனிந்த முகத்தைச் சிலர் ஒளிப்பு என்று நினைப்பார்கள், ஆகவே நிமிர்ந்து பேசுங்கள். சீனருக்குக் கடதாசி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையையும் பயன்படுத்துங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கட்டியது சீன நிறுவனம்தான், இந்த மரியாதையை அறிந்துவைத்தால் இங்கேயே உதவும். எதிர்ப்பாலார் கைகொடுக்க நீட்டும்போது உங்களுக்கு அது வழக்கமில்லை என்றால், வலது கையை நெஞ்சில் வைத்துச் சிரித்த முகத்தோடு வணக்கமோ சலாமோ சொல்லுங்கள். கையைப் பின்னால் ஒளிப்பதுதான் மரியாதைக்குறைவு.

7. உங்கள் வழக்கங்களை மறைக்காதீர்கள், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரம் வேண்டும் என்றாலும், உடப்புத் திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கோ தலவில் அன்னம்மாள் திருநாளுக்கோ லீவு வேண்டும் என்றாலும், முன்னரே சொன்னால் அது ஏற்பாடு. திருநாளுக்கு முதல்நாள் சொன்னால் அது தொந்தரவு. அதுபோல மற்றவர்களுடையதையும் தெரிந்துவையுங்கள். போயா தினத்தில் மதுபானம் விற்கக்கூடாது என்பதை ஹோட்டலில் நிற்கும் பிள்ளை விருந்தினருக்கு அன்பாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

8. கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்களில் கைட் சேர்ஃபிங் காலம் மேயில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும், டொல்பின் பார்க்க நவம்பருக்குப் பிறகு வருவார்கள். காலம் தொடங்கிய பிறகு போகாமல் ஒரு மாதம் முன்னால் எழுதுங்கள். அங்கே வயது, சம்பளம், கல்யாணம் பற்றி விருந்தினரிடம் கேட்காதீர்கள். எங்களுக்கு அது அக்கறை, அவர்களுக்கு அது அத்துமீறல். பிரித்தானியாவுக்கோ கனடாவுக்கோ சுயவிபரக்கோவை அனுப்பினால் படம், சமயம், திருமண நிலை எதுவும் அதில் வேண்டாம்.

9. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உருவானது. முகவருக்கு அதன் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள், அவர் காட்டும் கடதாசியை மட்டும் நம்பாதீர்கள். பதிவுசெய்யாமல் போகாதீர்கள். விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். கடவுச்சீட்டினதும் ஒப்பந்தத்தினதும் பிரதிகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். “அவசரம், இன்றைக்கே பணம் கட்டு” என்று ஒருவர் சொன்னால் அந்த வாசலை விட்டு வெளியே வாருங்கள்.

10. கடைசியாக, ஏற்கெனவே வேலையில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு. ஊரில் ஒரு பிள்ளை விண்ணப்பத்தை நீட்டினால் பிறகு பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பாதீர்கள். அரை மணித்தியாலம் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பெண்பிள்ளைகள் கேட்க வெட்கப்படுவார்கள், அவர்களை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.