துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடா?

துபாய் இன்டர்நெட் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, 6 வயது மகளுடன் குடியேறப் போகிறேன். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்கிறார்கள். அங்கேயே வீடு பார்க்கலாமா? – வாசகர், திருச்சி

வேண்டாம். ஷார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது. காலையில் அல் இத்திஹாத் சாலையில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஊரும். வாடகையில் மிச்சம் பிடித்து, மகள் விழித்திருக்கும் நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

துபாயிலேயே, கராமாவில் பாருங்கள். பழைய கட்டடம், சின்ன வீடு என்றாலும் பரவாயில்லை. புர்ஜுமான் நிலையத்தில் ரெட் லைன் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் அலுவலகம். இந்தியப் பள்ளி பக்கத்து ஊத் மேத்தாவிலேயே இருக்கிறது; உங்கள் மகளின் வகுப்பு அங்கே உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் தெருமுனைக் கடையில் கிடைக்கும். உங்கள் மனைவிக்கு ஊர் சீக்கிரம் பழகிவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை மத்தியானத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். 10 நிமிட நடை ஆகஸ்ட் வெயிலில் தாங்காது.

வாடகையை அங்கே பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் வாடகையும் குறையும், பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தை ‘இஜாரி’ என்ற அரசு வாடகைப் பதிவேட்டில் பதிய மறக்காதீர்கள், குடும்ப விசாவுக்கு அதைக் கேட்பார்கள். முதலில் நீங்கள் மட்டும் போய் வீட்டை முடித்துவிட்டு, பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள்.