பாட்டிலோடு போகலாமா?

கேள்வி: மெல்போர்னில் மகன் கூட்டிப்போன உணவகத்துக்கு நாங்களே ஒயின் கொண்டுபோனோம். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு மீன் சாப்பிடப் போகும்போதும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடாது சார். அங்கே அதற்கென்று உரிமம் உண்டு; மூடி திறக்கக் கட்டணமும் வாங்குவார்கள். இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாத கடையில் பாட்டிலைத் திறந்தால் கடைக்காரரும் சேர்ந்து மாட்டுவார். மீன் வறுத்துப் பிழைக்கிற அக்காவுக்கு எதற்கு அந்த வம்பு?

கொண்டுபோவதென்றால் மீனைக் கொண்டுபோங்கள். விடியுமுன் காசிமேட்டில் சங்கராவோ வஞ்சிரமோ வாங்கி, அங்கேயே சுத்தம் செய்துகொள்ளுங்கள். வறுத்துத் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. பாட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றால், பன்னீர் சோடா.