அம்புக்கு இறகு கட்டுதல்: எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது

வில்லை விலைகொடுத்து வாங்கியவர்கள், அம்புக்கு இறகைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்படும்போது, கடையில் பரப்பிவைத்த வர்ணங்களைக் கண்டு மயங்கி, தம் வில்லுக்கு எது பொருந்தும் என்ற பிரதான கேள்வியை மறந்துவிடுகிறார்கள். இறகைத் தீர்மானிக்க வேண்டியது வில்லே அன்றிக் கண் அன்று.

மூங்கிலினாலோ மரத்தினாலோ ஆன வில்லில், அம்பானது வில்லின் உடலையோ பிடித்த கையையோ உரசிக்கொண்டுதான் புறப்படுகிறது. அப்படி உரசுகையில் பறவையின் இறகு மடிந்து கொடுத்து, கடந்த மாத்திரத்தில் நிமிர்ந்துகொள்ளும்; பிளாஸ்டிக் இறகோ மடியாமல் இடறி, அம்பின் வாலை ஒருபுறம் தள்ளிவிடும். ஆகவே, நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று 30, 50 மீட்டர் தூரங்களில் நடக்கும் பிரிவுக்கு மூங்கில் வில்லோடு தயாராகிறவருக்குப் பறவை இறகே உசிதம். அம்பைத் தாங்க ரெஸ்ட் வைத்த ரிகர்வ், காம்பவுண்டு விற்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கே மழைக்குத் துவளாத பிளாஸ்டிக்கைத் தாராளமாக ஒட்டலாம். 70 மீட்டர் தூரத்துக்கு எய்யும் ஒலிம்பிக் வீரர்கள் பலர் விரும்பும் சுருண்ட ஸ்பின் இறகு மிக மெல்லியது, எளிதில் கிழிவது. ஆரம்பகாலத்தில் அதை நாடவேண்டாம்.

பறவைகளில் வான்கோழிக்கே முதலிடம். அதன் சிறகின் பெரிய இறகுகள் அகலமும் விறைப்பும் உடையவை. வாத்தின் இறகும் நன்றே, ஆயினும் நீளம் சற்றுக் குறையும். எந்தப் பறவையானாலும், இடச்சிறகின் இறகையும் வலச்சிறகின் இறகையும் ஓரம்பில் கலக்கலாகாது. அவற்றின் வளைவு ஒன்றுக்கொன்று எதிரானது, அம்பைச் சுழலவிடாமல் ஒன்றையொன்று முறியடிக்கும். மயிலின் தோகைப் பீலி, கண்ணைக் கவர்ந்தாலும், இழைகள் தளர்ந்தது, காற்றைப் பிடிக்காது. அதன் சிறகு இறகைத் தேடிப் போகவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிப்பது தோகைப் பீலிக்கே. பருந்து, கழுகு இவற்றின் இறகையும் தொடாதிருப்பதே விவேகம்.

இனி, பறவையைக் கொல்லாமல் இறகு பெறுவது பற்றி. ஆரணிக்கும் போளூருக்கும் அண்மையிலுள்ள திருமலையில், சுமார் 16 மீட்டர் உயரத்துக்குப் பாறையில் வடித்த சமண தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார். தம் விருந்துக்காக அடைத்துவைத்த பிராணிகளின் ஓலம் கேட்டுத் திருமணத்தையே துறந்தவர் என்பது சமணர் வழக்கு. திகம்பர முனிவர் கையிலுள்ள மயிற்பீலியும் தானே உதிர்ந்த பீலிகளால் கட்டப்படுவதே. அந்தக் குன்றின் நிழலில் அம்பு செய்கிறவன், வான்கோழிக் கூண்டில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்வது ஸ்தலத்துக்கும் மரியாதை, பைக்கும் லாபம்.

இனிப் பசையா, நூலா என்பது. கார்பன் தண்டுக்குப் பசை போதும். மூங்கிலுக்குப் பசையிட்டு அதன்மேல் நூலும் சுற்றுவதே நீடிக்கும். இதற்குப் பட்டு நெசவு ஊரான ஆரணியில் இருப்பவர் வெளியூர் தேடவேண்டியதில்லை. தறியில் மிஞ்சும் பட்டு இழைகளில், ஊடை இழையைவிட முறுக்கேறிய பாவு இழையே உத்தமம்: மெல்லியது, வலுவுள்ளது, இறகின் இழைகளுக்கிடையே புடைக்காமல் அமரும். ஜரிகை வேண்டாம், பாரம். பட்டில் மட்டும் ஹிம்சை இல்லையோ என்று கேட்பவர், மெழுகு பூசிய பருத்தி நூலைக் கொள்ளட்டும். சற்றுத் தடிக்கும், அவ்வளவே.

இறகின் நடுத்தண்டைக் கூரிய கத்தியால் நெடுகப் பிளந்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, நாலைந்து அங்குல நீளத்துக்கு நறுக்கி, இரு முனையிலும் அரை அங்குலம் இழையின்றி வெறுந்தண்டாக விடவேண்டும். நாண் கவ்வும் குதைக்கு ஓர் அங்குலம் முன்னே, 120 பாகைக்கு ஒன்றாக மூன்று இறகை வைத்து, ஒன்றை மட்டும் குதையின் பிளவுக்குச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு வேறு நிறம் கொடுத்தால் அவசரத்திலும் திசை தவறாது. பிறகு ஊசிமுனையால் இறகின் இழைகளைப் பிரித்துப் பிரித்து, அந்த இடைவெளியில் நூலை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். கோணம் பிடிக்கும் கிளாம்பு வாங்கினால் பிசகு குறையும். பத்து அம்புக்குமேல் செய்ய எண்ணுபவர் வாங்கலாம், மூன்று நாலு அம்போடு நிறுத்துபவருக்குப் பென்சில் கோடே போதும்.

மூங்கில் வில்லும் வெறுங்கையுமாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: வான்கோழி இறகு, பசை, பாவுப் பட்டு. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: எய்வதற்கு முன், இறகுத் தண்டின் முன்முனையை விரலால் தடவிப் பாருங்கள், நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது அம்பு தாங்கும் கையைக் கிழித்துவிடும்.