விக்டோரியா ஓடைகளில் பொன்னும் மணியும் தேடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேடக் கிளம்புகிற பலர் முதலில் கடைக்குப் போய்த் தட்டும் மண்வெட்டியும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த விடுமுறை நாளில் மெல்பர்னிலிருந்து பாலாரட், பெண்டிகோ பக்கம் காரில் போகிறார்கள். கண்ணில் பட்ட முதல் ஓடையில் இறங்கி மதியம் வரை மணலை அலசிவிட்டு, "இருந்ததையெல்லாம் அந்தக் காலத்திலேயே வாரிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று முடிவுகட்டித் திரும்புகிறார்கள். பிழை ஓடையில் இல்லை, வேலையைத் தொடங்கிய வரிசையில் இருக்கிறது. தட்டைச் சுழற்றும் கைப்பழக்கம் ஒரு பிற்பகலில் வந்துவிடும். எந்த மண்ணை அந்தத் தட்டில் அள்ளுவது என்று அறிவதுதான் வித்தை. இங்கே சட்டம் கைக்கருவிகளை மட்டுமே அனுமதிக்கிறது. கையால் அரிப்பவர் நாள் முழுக்க முதுகொடிய உழைத்தாலும் முப்பது நாற்பது தட்டு மண்ணுக்கு மேல் பார்க்க முடியாது. அந்த முப்பது தட்டு எங்கிருந்து வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே உரிமம், வரைபடம், ஓடையின் போக்கு, கடைசியாகத் தட்டு என்ற வரிசையில்தான் வேலை நடக்க வேண்டும்.

உரிமத்துக்கு 'மைனர்ஸ் ரைட்' என்று பெயர். மாநில அரசின் இணையதளத்தில் சிறு கட்டணத்தில் வாங்கலாம். ஒருமுறை வாங்கினால் 10 ஆண்டு செல்லும். தேடும்போது அது கையில் இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்திலும், உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்திலும் தேடலாம்; கிடைத்த தங்கமும் கல்லும் அவருக்கே சொந்தம். வேறு பல நாடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத இந்தச் சலுகை சும்மா வந்துவிடவில்லை. 1851இல் இங்கே தங்க வேட்டை தொடங்கியபோது, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிற ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்து 1854 டிசம்பரில் பாலாரட்டின் யுரேகாவில் தொழிலாளர்கள் தடுப்பரண் எழுப்பிப் போராடினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1855இல் ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் மைனர்ஸ் ரைட் பிறந்தது. அதோடு வாக்குரிமையும் சேர்ந்து வந்தது. இன்று சில நிமிடங்களில் கைக்கு வரும் இந்தத் தாளுக்கு உயிர்விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை வாங்காமல் ஓடையில் இறங்குவதற்கு நியாயமே கிடையாது.

உரிமத்தோடு கட்டுப்பாடுகளும் உண்டு. கடப்பாரை, மண்வெட்டி, சுத்தியல், சல்லடை, தட்டு, உலோகம் காட்டும் கருவி ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. இயந்திரம் கொண்டு தோண்டுவது, வெடிவைப்பது, ஓடைப்படுகையைக் குழாயால் உறிஞ்சுவது ஆகியவற்றுக்கு இல்லை. மரத்தையும் புதரையும் சேதப்படுத்தக் கூடாது; தோண்டிய குழியை மூட வேண்டும்; பழங்குடி மக்களின் கற்கருவிகளும் தலங்களும் இருக்கும் இடங்களைத் தொடக் கூடாது. "ஒரு சின்ன மோட்டார் வைத்தால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒரு மோட்டாரால் ஓடை அழிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் இந்த உரிமை ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்று யோசிக்க வேண்டும். சுரங்கம் தோண்டுகிறவரிடம் அரசு வேலைத் திட்டம் கேட்கிறது, நிலத்தைச் சீரமைப்பதற்குப் பிணைத்தொகை கேட்கிறது. கைத்தட்டுக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. அவரால் பெரிய சேதம் செய்ய முடியாது என்ற ஒரே நம்பிக்கைதான் காரணம். கருவி பெரிதானால் அந்த நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் உரிமையும் போகும். கருவியின் சிறுமையைத் தடையாகப் பார்க்காமல், இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளமாகவே பார்க்க வேண்டும்.

அடுத்து வரைபடம். மாநிலப் புவியியல் ஆய்வுத் துறையின் 'ஜியோவிக்' என்ற இணைய வரைபடத்தில் பாறை வகைகள், பழைய சுரங்கங்கள், தற்போதைய சுரங்க உரிமங்கள் எல்லாம் தெரியும். எங்கே போகக் கூடாது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் பொதுவாக அனுமதி இல்லை. சிலவற்றில் வரையறுத்த பகுதிகளில் மட்டும் உண்டு. சில ஆறுகளும் ஓடைகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. பிறருடைய சுரங்க உரிமம் உள்ள நிலத்தில் அவர் சம்மதம் வேண்டும். இவற்றை நீக்கிய பிறகு மிஞ்சும் இடங்களில், பழைய தங்க வயல்களுக்குக் கீழ்ப்பக்கம் ஓடும் ஓடைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தங்கம் வெண்கற்பாறை நரம்புகளில் பிறந்து, பாறை சிதையச் சிதைய வெளிப்பட்டு, நீரோடு இறங்கி வருவது. நரம்பே இல்லாத மலையிலிருந்து வரும் ஓடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் தங்கம் வராது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற வாதத்துக்கு இந்த மாநிலத்தின் பதிவுகளே பதில் சொல்கின்றன. 1869இல் மோலியாகுல் என்ற ஊரில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி 70 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. ஆண்டுக்கணக்காக ஆட்கள் தோண்டித் திரிந்த வட்டாரத்தில், மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே அது கிடந்தது. 1980இல் கிங்கோவர் அருகே கிடைத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோ. அதுவும் 1850களிலேயே வேலை நடந்த இடம்தான். ஆனால் இவற்றைக் காட்டி ஆசை மூட்டுவது நேர்மை ஆகாது. இரண்டாவது கட்டி உலோகம் காட்டும் கருவியால் கிடைத்தது. தட்டுக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வரும் துகள். அந்தத் துகள்கள் இன்னும் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. அவசரத்தில் கழுவிய அக்காலத்தவர் நுண்ணிய தங்கத்தைக் கழிவோடு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வெள்ளமும் கரையையும் பழைய கழிவு மேடுகளையும் அரித்து அதை மறுபடி ஓடையில் சேர்க்கிறது. எனவே போன வாரம் வெறுமையாக இருந்த பாறை இடுக்கில் பெருமழைக்குப் பிறகு ஏதாவது இருக்கக்கூடும். பெட்ரோல் செலவுக்குக்கூட அது ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருமானம் வேண்டுபவர் இதில் இறங்க வேண்டாம்.

ஓடைக்கு வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேலும் கீழும் நடந்து பாருங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண வெண்மணலுடையது 2.65. நீருக்குள் இந்த வேறுபாடு இன்னும் பெருகுகிறது. தண்ணீரின் தாங்கலைக் கழித்தால், ஒரே பருமனுள்ள மணலைவிடத் தங்கம் ஏறத்தாழ 11 மடங்கு கனமாகிறது. வெள்ளத்தின் வேகம் எங்கே சற்றுத் தளர்கிறதோ அங்கே முதலில் விழுவது தங்கம். வளைவில் வெளிப்புறம் நீர் விரைந்து கரையை அறுக்கும். உட்புறம் தளர்ந்து மணல்திட்டு போடும். அந்த உட்புறத் திட்டின் மேல்முனையில், கூழாங்கல் பெரிதாகக் கிடக்கும் இடத்தில் தேடுங்கள். பெரும்பாறையின் கீழ்ப்பக்கமும், குறுகிய ஓடை திடீரென்று அகலும் இடமும், சரிவு சமமாகும் இடமும் அதே காரணத்தால் நல்லவை. எல்லாவற்றையும்விடச் சிறந்தது அடிப்பாறை வெளியே தெரியும் இடம். கனமான துகள் கீழே இறங்கிக்கொண்டே போய், இனி இறங்க முடியாத பாறையில்தான் நிற்கும். நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் பாறை வெடிப்புகள் துகள்களைப் பிடித்துவைக்கும்; நீரோட்டத்தோடு நீளும் வெடிப்புகளை வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விடும். வளைந்த கம்பியாலும் சிறு தூரிகையாலும் குறுக்கு வெடிப்பின் அடி வரை சுரண்டி எடுங்கள். பாறைக்குப் பதில் கெட்டிக் களிமண் இருந்தால், அதன் மேற்பரப்பை ஒட்டிய சரளையை அள்ளுங்கள். மேலே கிடக்கும் தளர்ந்த மணலைத் தட்டு தட்டாகக் கழுவுவதில் நாள்தான் வீணாகும். இடத்துக்கு ஒரு தட்டு சோதித்து, கருமணலும் பழைய ஈயக் குண்டும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்து வரும் இடத்தில் நில்லுங்கள். கனமானவை தங்கும் இடம் அதுதான் என்று அவை காட்டுகின்றன.

இனிக் கழுவுதல். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் மண் போடாதீர்கள். அதை நீருக்குள் முழுக்க அமிழ்த்தி, களிமண் கட்டிகளைக் கையால் கரைத்து, பெரிய கற்களைத் தட்டுக்குள்ளேயே அலம்பிவிட்டு எறியுங்கள். களிமண் உருண்டையைக் கரைக்காமல் எறிந்தால் அதில் ஒட்டிய தங்கமும் போகும். பிறகு தட்டைச் சமமாகப் பிடித்து இடவலமாக வேகமாக அசையுங்கள். புதியவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்த அசைப்பைத்தான். தங்கம் அடிக்கு இறங்குவது இதில்தான். அது முடிந்த பின் தட்டின் வரிப்பள்ளங்கள் உள்ள பக்கத்தைத் தாழ்த்தி, நீரை உள்ளே விட்டு வெளியே இழுத்து மேல்மண்ணைக் கழுவிவிடுங்கள். நம் வீடுகளில் அரிசி அரிக்கும் அதே கைவேலைதான். அங்கே அடியில் தங்கும் கல் வேண்டாதது, இங்கே அதுவே வேண்டியது. நாலைந்து முறை கழுவியதும் மறுபடி சமமாக்கி அசையுங்கள். கரண்டியளவு கருமணல் மிஞ்சும்போது நிறுத்திச் சிறிது நீர் விட்டு மெல்லச் சுழற்றினால், கருமணல் விசிறியாக விரியும். அதன் வாலில் மஞ்சள் தெரியும். மிக நுண்ணிய துகள் நீரின் மேல் மிதந்து போகாமலிருக்க ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கருமணல் மேல் காட்டினால் இரும்புத்தாது விலகிவிடும். முதலில் வீட்டில் ஒரு தொட்டி நீரில், தட்டையாக்கிய சில ஈயக் குண்டுகளை எண்ணி மண்ணில் கலந்து கழுவிப் பழகுங்கள். அத்தனையும் திரும்பக் கிடைக்கும் வரை ஓடைக்குப் போக வேண்டியதில்லை.

மஞ்சளெல்லாம் தங்கம் அல்ல. தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். அபிரகம் வெயிலில் மின்னி நிழலில் மங்கும். தட்டை அசைத்தால் எழுந்து மிதக்கும். இரும்புக் கந்தகக் கல்லை ஊசியால் அழுத்தினால் நொறுங்கும். தங்கம் வெயிலிலும் நிழலிலும் ஒரே நிறம் காட்டும்; ஊசி பட்டால் குழியும், உடையாது. தட்டில் வெள்ளிநிறப் பூச்சோடு துகள் வந்தால் எச்சரிக்கை தேவை. அக்காலச் சுரங்கத்தார் பயன்படுத்திய பாதரசம் இன்னும் ஓடைகளில் உண்டு. அதைச் சூடாக்கிப் பிரிக்க முயல்வது உயிருக்கே ஆபத்து.

மணிக்கற்களுக்கு இதே முறை சரிவராது. மாநிலத்தின் வடகிழக்கில் பீச்வொர்த், எல்டொராடோ ஊர்களின் பக்கம் ஓடும் ரீடி ஓடையில் தங்கத்தோடு வெள்ளீயத் தாது, சிர்கான், புஷ்பராகம், கார்னெட், நீலக்கல் எல்லாம் உண்டு. 1936 முதல் 1954 வரை அந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்த மாபெரும் மிதவை இயந்திரம் இன்றும் எல்டொராடோவில் நிற்கிறது. நீலக்கல்லின் அடர்த்தி 4 மட்டுமே. நீருக்குள் அது ஒரே பருமனுள்ள வெண்கல்லைவிட இரண்டு மடங்குகூடக் கனமில்லை. சிறு நீலக்கல்லும் பெரிய வெண்கல்லும் ஒரே எடையில் இருந்தால் நீரால் அவற்றைப் பிரிக்க இயலாது. எனவே முதலில் அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். மேலே பெருங்கண் சல்லடை, கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை. பெருங்கண்ணில் தங்கியதைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிட்டு, கீழ்ச் சல்லடையை நீருக்குள் மேலும் கீழுமாக உதறி, இடையிடையே சற்றுச் சுழற்றுங்கள். கனமான கற்கள் அடியில் நடுவுக்கு வந்து சேரும். பிறகு சல்லடையை ஒரு சாக்கின் மேல் சட்டென்று கவிழ்த்தால், அடியில் இருந்தது மேலே வரும். நடுவில் கருமையாக ஒரு வட்டம் தெரிந்தால் உதறியது சரி. அந்த வட்டத்தை வெயிலுக்கு எதிராகக் குனிந்து பார்த்து, ஒளி ஊடுருவும் கற்களை இடுக்கியால் பொறுக்குங்கள். வட்டமே தோன்றவில்லையென்றால் கல் இல்லை என்று முடிவெடுக்காமல் மறுபடி உதறுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: பழைய தங்க வயல்களில் மூடாத சுரங்கக் குழிகள் புதருக்குள் மறைந்திருக்கும், பின்னோக்கி நடக்காதீர்கள், வெயில் காலத்தில் பாம்பு உண்டு, முழுத் தீத்தடை நாளில் காட்டுக்குப் போகாதீர்கள், பழைய கழிவு மேடுகளில் ஆர்சனிக் இருப்பதால் கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கனமான ஆட்சேபம் மிஞ்சுகிறது: ஒரு துகளுக்காக ஓடையைக் கலக்குவது சரியா? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தங்கச் சேறு இந்த மாநிலத்தின் ஆறுகளை நிரப்பி, கீழ்நில விவசாயிகளைக் கதற வைத்தது. அதைக் கட்டுப்படுத்த 1905இல் தனி வாரியமே அமைக்க வேண்டியிருந்தது. அந்தக் காயத்தோடு ஒப்பிட்டால் கைத்தட்டின் பாதிப்பு மிகச் சிறிது. ஆனாலும் ஒரே திட்டில் ஐம்பது பேர் ஐம்பது குழி விட்டுப்போனால் அது சிறிதல்ல. கரையை ஒருபோதும் வெட்டாதீர்கள். வேர் பிடித்த மண் ஓடையைக் காக்கிறது, அடுத்த வெள்ளத்தில் அது சரிந்தால் திரும்ப வராது. படுகையின் தளர்ந்த சரளையை மட்டும் எடுங்கள். முடிந்தவரை தொட்டியில் நீர் பிடித்து அதிலேயே கழுவி, கலங்கல் தெளிந்த பின் கரையிலிருந்து தள்ளி ஊற்றுங்கள். குழியை அதே சரளையால் மூடிய பிறகே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள். மாலைக் களைப்பில் பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும், மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கமும், காங்கயம் வட்டாரத்தில் மணிக்கற்களும் இருப்பது பலரும் அறிந்ததே. ஆனால் மைனர்ஸ் ரைட் போன்ற பொழுதுபோக்கு உரிமம் இந்தியாவில் இல்லை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிமம் பெறாமல் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம். விக்டோரியாவில் பழகிய தட்டை விக்டோரியாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.