பிள்ளைகளின் ஈறுகளைக் கவனியுங்கள்



"பல் விளக்கும்போது இரத்தம் வருகிறது" என்று பிள்ளை சொன்னால் நம்மில் பலர் என்ன சொல்லுகிறோம்? "இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடாதே, தானாகச் சரியாகிவிடும்" என்கிறோம். அன்போடு சொல்லும் இந்த ஆலோசனையே நோயை வளர்த்துவிடுகிறது. ஆகவே பதின்ம வயதினருக்கு வரும் ஈறு நோயைப் பற்றி இந்த இதழில் கற்றுக்கொள்வோம்.

நோய் எப்படித் தொடங்குகிறது?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் மெல்லிய, பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் ஈறு சிவந்து வீங்கும். இலேசாகப் பட்டாலும் இரத்தம் கசியும். இதுவே ஈறு அழற்சி. அந்தப் படலம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இறுகும்போது காரையாகிறது. காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1965-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேர் பல் விளக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி உண்டானது. மறுபடியும் விளக்கத் தொடங்கியபின், ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் நலமடைந்தன. எனவே இரத்தம் வந்தால் விளக்குவதை நிறுத்தக்கூடாது; இன்னும் கவனமாக விளக்கவேண்டும்.

கவனிக்காமல் விட்டால்?

அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்குவது அடுத்த நிலை. அழற்சியை முழுவதும் குணமாக்கலாம். கரைந்த எலும்போ தானாக வளர்ந்துவிடுவதில்லை. இந்த நிலை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருகிறதா? இதற்கு விடை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது.

1970-இல் லோவின் குழுவினர் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் அவர்களில் இளையவருக்கு வயது 14. பல் விளக்கும் வழக்கமோ, பல் மருத்துவ வசதியோ இல்லாதவர்கள் அவர்கள். ஏறக்குறைய எல்லாருடைய வாயிலும் படலம், காரை, அழற்சி மூன்றும் இருந்தன. ஆனாலும் 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகவும், 81 பேருக்கு மிதமாகவும் முற்றியது. 11 பேருக்கு அழற்சியோடு நின்றுவிட்டது. வேகமாக முற்றியவர்களின் பற்கள் 35 வயதிலேயே சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தன.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? வாயை மேலோட்டமாகப் பார்த்து, யாருக்கு நோய் வேகமாக முற்றும் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளையையும் பரிசோதிக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. பருவமடையும் வயதினர். ஹார்மோன் மாற்றத்தால், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஈறு அதிகமாக வீங்கும்.

2. பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள், நெருக்கமான பல்வரிசை உள்ளவர்கள், வாயால் மூச்சுவிடுகிறவர்கள்.

3. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள்.

4. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள். புகைப்பழக்கம் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டுவதால் நோய் மறைந்தே வளரும். வாயில் அடக்கும் புகையிலையும் ஈறைக் கெடுக்கும்.

5. வலிப்பு நோய்க்குப் பெனிடோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சிலருக்கு ஈறு தடித்து வளரும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதிலேயே பல் ஆடியிருந்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இளவயதில் வேகமாகப் பரவும் வகை, முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையுமே முதலில் தாக்கும். வாய் சுத்தமாகத் தெரிந்தாலும் இது வரக்கூடும்.

எப்படிக் கண்டறிவது?

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறு இயற்கையாகவே கருமையாக இருப்பதால், சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், இரத்தம், வீக்கம், வாய் நாற்றம், ஈறு கீழிறங்குதல், பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி ஆகியவற்றைக் கவனியுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமலே வளரும்.

பல் மருத்துவர், நான்கு முதல் கடைவாய்ப் பற்களையும், மேலும் கீழும் ஒவ்வொரு முன்பல்லையும், ஆக 6 பற்களைச் சுற்றி, முனை மழுங்கிய மெல்லிய கருவியால் மெதுவாக அளந்து பார்ப்பார். இது சில நிமிட வேலை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், மற்றப் பற்களையும் அளந்து, தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்.

ஈறில் இரத்தத்தோடு காய்ச்சல், உடல் வெளுப்பு, காரணமின்றித் தோலில் நீலத் தழும்புகள் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரிதாக அது இரத்தப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம்.

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். காரை பல்லைப் பிடித்து நிற்கும் தூண் அல்ல. எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை மூடி மறைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. பிந்தி வருவதால்தான் இப்படி ஆகிறது.

வீட்டில் செய்யவேண்டியது

காலையிலும், இரவு படுக்குமுன்பும், மிருதுவான பிரஷ்ஷாலும் ஃபுளோரைடு பற்பசையாலும் இரண்டு நிமிடம் விளக்கட்டும். பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். செங்கல் பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவற்றை விட்டுவிடுங்கள்.

இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஈறுகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தாய்மாருக்கும் இதைச் சொல்லுங்கள். 14 வயதில் கண்டுகொண்ட நோய், 35 வயதில் அவர்களுடைய பற்களைக் காப்பாற்றும்.