சொல்வதெழுதல்: இம்முறை சொல்வது பிள்ளை

பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் என்றால் ஆசிரியர் சொல்வார், பிள்ளை எழுதும், பிழைக்குச் சிவப்புக் கோடு விழும். குளத்தடியில் நடந்ததை அரைமணி நேரம் கதைக்கிற பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடுவதை நாம் வன்னியில் எங்கும் காண்கிறோம். சொல்ல விடயம் இல்லாமல் அல்ல. எழுத்தைத் தேடுவதற்குள் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது.

பெற்றோரின் நிலையும் இலகுவானதல்ல. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்விட்டு இடம் ஓடியபோதும், பின்னர் மெனிக்பாம் முகாமில் இருந்தபோதும் படிப்பு முறிந்த பிள்ளைகளிற் பலர் இன்று தாய் தகப்பனாக இருக்கிறார்கள். தமக்கே எழுத்துச் சரியாக வராது என்று பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வரும் பாடத்துக்காகக் கடன்பட்டு வாங்கிய போன் பல வீடுகளில் உண்டு. அதன் எழுத்துப் பலகையில் சிறிய மைக் படம் ஒன்று இருக்கும். கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் இவ்வசதியில் தமிழையும் சேர்த்தது. மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவு செய்து, மைக்கைத் தொட்டுப் பேசினால் பேச்சு எழுத்தாகத் திரையில் வரும். பெரும்பாலும் டேட்டா வேண்டும்.

முதலில் பிள்ளையைத் தாராளமாகக் கதைக்க விடுங்கள். மாடு, குளம், அம்மம்மா, எதுவானாலும் தனக்குத் தெரிந்ததைக் கதைக்கட்டும். பிறகு அதையே ஒவ்வொரு வசனமாக மைக்கில் சொல்லட்டும். "நேத்து அப்பா குளத்துக்குப் போனவர், ரெண்டு வாளை பிடிச்சவர்" என்று பிள்ளை சொல்லும். போன் இதை அப்படியே எழுதிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம்முடைய வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால் வாளை மீன் வாழையாகிவிடலாம். 'பிடிச்சவர்' வேறேதோ சொல்லாக வந்து நிற்கலாம். முற்றுப்புள்ளி பெரும்பாலும் இராது.

பாடம் தொடங்குவதே இங்கேதான். "அப்பா பிடித்தது மீனா, வாழைக்குலையா?" என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே சரியான எழுத்தைத் தேடும். பிழை விட்டது போன், திருத்துவது பிள்ளை. அதனால் வெட்கம் இல்லை. எழுத்துத் தெரியாத தாயும் கூட இருந்து உதவலாம். திரையில் உள்ளதைப் பிள்ளையை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். சொன்னதுதான் வந்திருக்கிறதா என்பதைக் காது காட்டிக்கொடுக்கும். வாளை, வாழை போன்றவற்றை மட்டும் காது பிடிக்காது. அதற்கு மூத்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ காட்ட வேண்டும்.

அடுத்து, 'நேத்து' கொப்பியில் 'நேற்று' ஆகும், 'பிடிச்சவர்' 'பிடித்தார்' ஆகும். ஆனால் வீட்டுத் தமிழைப் பிழையான தமிழ் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். எழுதும்போது அதற்கு வேறு உடுப்பு, அவ்வளவுதான். கதைக்குள் அப்பா பேசிய பேச்சு மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும்.

திருத்தியதைப் பிள்ளை தன் கையாலேயே கொப்பியில் எழுத வேண்டும். இதைத் தவறவிட்டால் செய்தது முழுவதும் வீண், ஏனெனில் பரீட்சை மண்டபத்தில் போன் இல்லை. ஐந்து வரி போதும். அடுத்த கிழமை முதல் வரியைப் பென்சிலால் எழுதிவிட்டு மற்றதை மைக்கில் சொல்லட்டும். பிறகு இரண்டு வரி. மைக்கின் பங்கு இப்படிக் குறைந்துகொண்டே வரவேண்டும்.

போன் புதிதே தவிர, வழி பழையது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், எந்தச் சொல் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். 1963 இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இதை விவரித்துள்ளார். பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொல் பிள்ளைக்குப் பாரமாக இருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. மைக்கில் பேசுவது பெரும்பாலும் இணையத்தின் வழியே அந்நிறுவனத்தின் கணினிகளுக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, காணாமற்போன உறவினர் பற்றிய விபரம் ஆகியவற்றை அதில் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சிக்னல் எட்டாத குடியிருப்புகளில் மூத்த பிள்ளையே மைக்காக இருக்கலாம். தம்பி சொல்ல அக்கா சொன்னபடியே எழுதட்டும். பின்னர் இருவரும் சேர்ந்து திருத்தி, தம்பி தன் கையால் பிரதி பண்ணட்டும். அக்கா இடையில் தன் சொல்லை நுழைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.