முட்டை ஓடு உருவாகும் விதம்

கோழி வளர்க்கும் தாய்மார்கள் கோடைக் காலத்தில் நம்மிடம் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: முட்டை கை பட்டதும் கீறிவிடுகின்றது, கடைக்காரர் வாங்க மறுக்கின்றார். இதனை நோய் என்று எண்ணி மருந்துக்குச் செலவிடுவோரும் உளர். கோழியின் உடலினுள் ஓடு எங்ஙனம் உண்டாகின்றது என்பதை அறிந்தால் காரணம் தானே விளங்கும்.

சினைப்பையினின்று விடுபடும் மஞ்சட்கரு, இரண்டடிக்கு மேல் நீளமுள்ள முட்டைக்குழாயின் புனல் போன்ற வாயில் விழுகின்றது. அடுத்த பகுதியில் சுமார் மூன்று மணி நேரத்தில் வெண்கரு அதனைச் சூழ்கின்றது. பின்னர் இரு மெல்லிய சவ்வுகள் போர்த்துகின்றன. இதுவரை அது வெறும் தோல்முட்டையே. இதன்பின் ஓட்டுச் சுரப்பியை அடைந்து, அங்கே ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகின்றது. முட்டை உருவாக ஆகும் 24 முதல் 26 மணி நேரத்தில் பெரும்பகுதி ஓட்டுக்கே செலவாகின்றது.

சவ்வின்மீது சுண்ணாம்புப் படிகங்கள் முளைவிட்டுத் தூண்கள்போல் வளர்ந்து நெருங்குகின்றன. இடையே அமையும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகவே கருவிலுள்ள குஞ்சுக்குக் காற்று செல்லும். பழுப்பு நிறம் ஏறுவது பெரிதும் கடைசிச் சில மணி நேரத்தில்தான். நிறத்தால் சத்து கூடுவதில்லை. (பழுப்பு முட்டைக்கென்று கூடுதல் விலை கொடுப்போர் நம்மைப் பொறுத்தருள்க.)

பண்ணைக் கோழி முட்டையின் ஓடு 5 அல்லது 6 கிராம் எடையுள்ளது. அதற்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். இரத்தத்தில் அவ்வளவு இருப்பு எந்நேரமும் இல்லை. ஓடு படிவதோ பெரும்பாலும் இரவில். அப்பொழுது கோழி தீனி எடுப்பதில்லை. குடலில் உள்ளது தீர்ந்ததும் தன் எலும்பினுள் சேமித்ததைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கின்றது. தீனியில் பற்றாக்குறை நீடித்தால் ஓடு மெலியும். கோழியின் கால்களும் தளரும்.

எனவே முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சலை இடித்து, மாவாக்காமல் குறுணையாகவே மாலையில் வைத்தல் நலம். அது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பை வைக்கலாகாது. அது நீற்றிய சுண்ணாம்பு, வாயைப் புண்ணாக்கும்.

கோடையில் மற்றொரு தொல்லை சேர்கின்றது. வெப்பந் தாளாமல் கோழி மூச்சிரைக்கும்பொழுது கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டு இரத்தத்தில் குறைகின்றது. தீனியும் குறைவாகவே உண்ணும். இந்நிலையில் கிளிஞ்சல் மட்டும் போதாது. கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி நீர் தெளித்தல், குளிர்ந்த நீரைப் பலமுறை மாற்றி வைத்தல், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் தீனியிடுதல் ஆகியவை பயன் தரும். வயது முதிர்ந்த கோழி இடும் பெரிய முட்டையின் ஓடு எவ்வளவு கவனித்தாலும் மெல்லியதாகவே இருக்கும். அத்தகையவற்றை வெளியூர் அனுப்பாமல் வீட்டிற்கு வைத்துக்கொள்க.